கழுவி வந்த கால்கள்

மார்ச் 12, வியாழன்

பங்குப் பேரவைக் கூட்டம்.

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், ஆயர் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் வேண்டும். வழக்கம்போல் பேரவை ஆண்களே பெயர் கொடுத்தார்கள். போன வருடம் இவர்கள் வந்த அழகைப் பார்த்தேனே! வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசி, புதுக் காலுறைக்குள் பொத்திக் கொண்டுவந்த கால்கள். அதில் கழுவ என்ன இருந்தது?

ஆயர் என் உடன்பிறந்த தம்பி. இந்த ஆண்டு ஓய்வு.

"இந்த முறை தெரு கூட்டுறவங்க, சாக்கடை அள்ளுறவங்க வரட்டும். பெண்களும்தான். வேலை முடிஞ்சு அப்படியே வரட்டும்" என்றான்.

பேரவைச் செயலாளர் இளித்தார். "ஃபோட்டோ நல்லா வராதே, ஆண்டவரே."

மார்ச் 13

தம்பி இளம் குருவாக இருந்தபோது கோயிலின் முன்வரிசை பெஞ்சுகளிலிருந்த குடும்பப் பெயர்ப்பலகைகளைக் கழற்றினான். முதலில் கழன்றது என் மாமனாருடையது. என் கணவர் ஒரு வருடம் அவனிடம் முகம் கொடுக்கவில்லை. ஆயரானதும் தன் மோதிரத்தை முத்தமிடும் வழக்கத்தை நிறுத்தினான், ஆயருக்கான சிங்காசனத்தைக் கிடங்கில் போட்டான். ஒவ்வொன்றுக்கும் மொட்டைக் கடிதம். எழுதியவர்களே மறுநாள் அவன் கையால் நற்கருணை அப்பம் வாங்க வாய் திறந்து நிற்பார்கள்.

மார்ச் 24

கேவலம். செயலாளர் துப்புரவு ஆட்களின் வீடு வீடாகப் போய், "ஆயர் உங்கள வேடிக்கை காட்டப் போறார்" என்று ஓதியிருக்கிறார். எல்லோரும் விலகிவிட்டார்கள். பேரவை ஆண்களும் வரமாட்டார்களாம். மிச்சம் ஒருத்தி, எங்கள் தெருச் சாக்கடை அள்ளுபவள்.

தம்பி வந்தான். "அக்கா, நீ வந்து அவ பக்கத்துல உக்காரேன்."

"என் காலையா? டாக்டரைத் தவிர எவனும் பார்த்ததில்ல. போடா."

"அவ தனியா உக்காந்தா எழுந்து போயிடுவா. இதுதான் எனக்குக் கடைசி."

"நாற்பது வருஷமா திருத்துறியே, எவனாவது திருந்துனானா?"

"இல்லக்கா" என்று சிரிக்கிறான், பைத்தியக்காரன்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பன்னிரண்டு நாற்காலி, பத்து காலி. என் பித்தவெடிப்பும் கறுத்த நகமும் ஊர் பார்க்க. பக்கத்தில் அவள். முழங்கால் வரை சேறு. அந்த நாற்றம் — வாந்தி தொண்டை வரை வந்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் நிமிர்ந்து உட்காரப் பழகிய முதுகு, வளையவில்லை.

"ஏன் பெரியம்மா நடுங்குறீங்க? நான் ஓடிட மாட்டேன்."

"எனக்கு ஓடத் தெம்பில்ல, பேசாம இரு."

தம்பி மண்டியிட்டான். அவள் காலில் ஊற்றிய தண்ணீர் கறுத்தது. வேறு தண்ணீர் கேட்டான். ஒருவரும் அசையவில்லை. செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்கு மூக்கைப் பொத்த என்ன உரிமை? எழுந்தேன். வெறுங்காலோடு போய் வாளியை நானே தூக்கி வந்தேன்.

ஏப்ரல் 3

இடுப்பு வலி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

தம்பி ஓய்வு இல்லத்தில். புது ஆயருக்குச் சிங்காசனம் கிடங்கிலிருந்து வந்துவிட்டது, புது வெல்வெட்டோடு. செயலாளர் பின்னாலேயே நின்று தூசி தட்டுகிறார். த்தூ.

பூசை தொடங்கியபின் அவள் வந்தாள், என் பெஞ்சோரம் நின்றாள். குளித்துத்தான் வந்திருந்தாள், வாடை எனக்குத்தான் போகவில்லை. செயலாளர் விரைந்து வந்து, "பின்னால இடம் இருக்கும்மா, அங்க போ" என்றார்.

பக்கத்தில் இடத்தை அடைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.