என் துட்டி வீட்டு நாற்காலி

அக்டோபர் 8, புதன்

வெயில். உளுந்து விதைத்துப் பத்து நாள். மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன். அடுத்த புதன் ஆபரேஷன், செவ்வாயே வந்து படுக்க வேண்டும். போன வாரம் ஆஞ்சியோவில் பார்த்தது: மூன்று அடைப்பு. தீபாவளி கழித்து வரலாமா என்று கேட்டேன். "அவ்வளவு நாள் தள்ளாதீங்க" என்றார் டாக்டர். நெஞ்செலும்பை அறுத்துத்தான் செய்வார்களாம்.

ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை உண்டு. செத்துப்போனால்? உழவர் அட்டைக்குக் கொஞ்சம் வருமாம். எப்போது என்றால் ஆளுக்கு ஒரு பதில்.

எங்கள் ஊரில் துட்டி விழுந்தால், செத்தவரின் வீட்டுக்காரர்கள் காசைத் தொடக் கூடாது. பங்காளி ஒருவர் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாம் ஏற்பாடு செய்து, பதினாறாம் நாள் செலவுச் சீட்டைக் கையில் கொடுப்பார். அதை வீட்டார் அடைக்க வேண்டும். பதினைந்து வருஷமாக அந்த ஆள் நான்தான். எவ்வளவு ஆகும் என்று ஒரு வீட்டிலும் முன்கூட்டிச் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. சாவு வீட்டில் கேட்பார்களா?

அக்டோபர் 9, வியாழன்

கோவில்பட்டி. வாங்க வேண்டியது: கைலி 2, பிளாஸ்க், சோப்பு டப்பா. வாங்கியது பிளாஸ்க் மட்டும். கால் தானாகக் குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிற கடைக்குப் போய்விட்டது.

"வாங்க அண்ணாச்சி! எந்த ஊரு துட்டி?"

"துட்டி இல்லய்யா. சித்தப்பா ஒருத்தர் இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. வெல கேட்டு வச்சுக்கிடலாம்னு." வாய் கூசாமல் பொய்.

பெட்டி, ஒரு நாளைக்கு 4000. (அண்ணனுக்கு எடுத்தபோது 2500.)
பந்தல், நாற்காலி 9000.
பூ ரதம் 12000.
கொட்டு எட்டுப் பேர், ஆளுக்கு 1500.
குழிக்கு ஜேசிபி 3000. மழை பெய்தால் கரிசலில் இறங்காது, ஆள்கூலி தனி.
வேட்டு: "அது உங்க இஷ்டம். பத்தாயிரத்துக்கும் இருக்கு, அம்பதாயிரத்துக்கும் இருக்கு."

கிளம்பும்போது சொன்னார்: "அந்தச் சித்தப்பாவுக்குத்தானா? திங்கக்கெழம உங்க வீட்டம்மாவும் வந்து இதையேதான் கேட்டுட்டுப் போனாவ."

கைலியும் சோப்பு டப்பாவும் வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

என் வீட்டுக்காரி செல்லத்தாய் எதையோ மறைக்கிறாள். ஆஞ்சியோ முடிந்து நான் படுத்துக் கிடந்தபோது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இன்று சோற்றில் முட்டை இரண்டு. முப்பது வருஷத்தில் கேட்காமல் இரண்டு வைத்தவள் இல்லை. வெட்டப் போகிற கிடாய்க்குத்தான் இப்படிக் கவனிப்பு.

மகன் திருப்பூரிலிருந்து பேசினான். பணம் வேண்டுமா என்றான். வேண்டாம் என்றேன். எனக்கு ஒன்று ஆனால் அப்பனுக்குச் செய்யாமலா என்று கந்து வட்டிக்காவது வாங்குவான். பங்காளிகள் ஏற்றிவிடுவார்கள். நானே எத்தனை பேரை ஏற்றிவிட்டிருக்கிறேன்!

அக்டோபர் 12, ஞாயிறு

கேட்டே விட்டேன். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்னட்டி சொன்னாரு? எதையோ மறைக்குத."

"உப்பக் கொறைக்கச் சொன்னாரு."

"அப்ப குளிர்பெட்டிக்காரன்ட்ட எதுக்குப் போன?"

வாரியலைக் கீழே போட்டாள். "ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனாலும் கேட்டு வைக்கணும்லா? ஒங்க மதினிக்குச் சீட்டு எழுதிக் குடுத்தது யாரு? நீங்கதான? அத வாங்கிப் பாத்துட்டு அவிய பட்டியில ஆட்ட எண்ணுனத நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

அண்ணன் செத்து மூன்று வருஷம். வேட்டுச் சத்தம் ஓட்டப்பிடாரம் வரை கேட்டது என்று பெருமை அடித்தவன் நான். சீட்டு கொடுத்த மறு வாரம் மதினி முப்பது செம்மறியையும் எட்டயபுரம் சந்தையில் விற்றார். இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார். அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் நான் எடுக்கவில்லை. அதைச் சொல்லியே இத்தனை நாள் மனதைத் தேற்றிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. பயம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

அக்டோபர் 13, திங்கள்

தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெட்டி ஒரு நாள். பந்தல் சிறியது. கொட்டு இரண்டு பேர். ரதம் வேண்டாம், தோளில் தூக்கவும். வேட்டு கூடாது. பதினாறுக்கு வீட்டாளுக்கு மட்டும் சாப்பாடு. மகனுக்குப் போனில் படித்தேன். அழுதான். சரி என்று சொல்லவில்லை.

தாள் இருந்து என்ன? நாற்காலியில் உட்காருகிறவன் மதிக்க வேண்டுமே. "கெழவன் கிறுக்குல எழுதுனது" என்று, இப்படியே எழுதி வைத்துச் செத்த ஒருவருடைய தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டவன்தானே நான்.

சாயங்காலம் மதினி வீடு. தாளையும், துட்டிச் செலவு எழுதுகிற என் கணக்கு நோட்டையும் நீட்டினேன்.

"எனக்கு ஒண்ணுன்னா நீங்கதான் நாற்காலியில இருக்கணும் மதினி."

பொம்பளை அதில் உட்கார்ந்து இந்த ஊர் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அது வாயில் வரவில்லை.

மதினி தாளை இரண்டு தடவை படித்தார்.

"கொட்டுக்கு ரெண்டு பேரு எதுக்கு? ஒருத்தர் போதும்."

அக்டோபர் 14, செவ்வாய்

விடியக்காலம் மழை. ஜேசிபி இறங்காதே என்றுதான் முதலில் தோன்றியது. உளுந்து அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

பை: அட்டை, ரிப்போர்ட், பழைய கைலி, பிளாஸ்க். எழுத்து கோணலாகப் போகிறது. பஸ்ஸுக்கு நின்றபடி எழுதுகிறேன்.

பஸ் ஏற்றிவிட மதினி வந்திருக்கிறார். நனையாமல் நோட்டைச் சேலைக்குள் பொத்தி வைத்திருக்கிறார்.

"இத நான் தொறக்கும்படி வச்சிராதீங்க கொழுந்தனாரே" என்கிறார்.