லிஃப்ட் குழியில் இருபத்தாறு மாத்திரைகள்

செவ்வாய்க்கிழமை,
லிஃப்ட் ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

அன்புமிக்க கணக்கு டீச்சருக்கு,

லிஃப்ட்டம்மா எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கப்போவதில்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து உங்கள்மேல் கொலைவெறியில் இருக்கிறேன். மூன்று பக்கம் மகள் வீட்டுப் பெருமை, பேத்திக்கு முளைத்த பல், ஜன்னலுக்கு வெளியே விடாத மழை. கடைசி வரியில் மட்டும், பால் பாக்கெட் போடுகிறவரை நிறுத்தியதுபோல, "அந்த மாத்திரையை நிறுத்திவிட்டேன், மூட்டெல்லாம் வலி, மகளுக்குத் தெரியாது" என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். பொடியாக எழுதினால் என் கண்ணில் படாது என்று நினைத்தீர்களா?

நன்றாகத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த யோக்கியதை எனக்கு இல்லை. உங்களிடம் இதுவரை சொல்லாமல் மறைத்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத் திட்டுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நமக்குப் புற்றுநோய்க்கு ட்ரிப்ஸ் ஏற்றிய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எடுத்தது உங்களுக்கு வலது மார்பு, எனக்கு இடது. ரெண்டு பேரும் ஒட்டி நின்னா ஒரு முழு ஆள் தேறும் என்று நீங்கள் சொல்லப்போய், நர்ஸம்மா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் வெளியே ஓடினார். கடைசி நாளன்று ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டீர்கள். நோய் திரும்பாமல் இருக்க ஐந்து வருடம், நாளுக்கு ஒன்று, நடுவில் ஒரு லீப் வருடம், ஆக ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு மாத்திரை. முடிக்கிற அன்று உங்களை என் லிஃப்ட்டில் எட்டாவது மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒப்பந்தம். அந்தச் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது.

போன வருடம் நான் அந்த ஒப்பந்தத்தை மீறினேன். காலையில் விரல் மடங்காது. ஸ்டூலை விட்டு எழுந்தால் இடுப்பு விண்ணென்று தெறிக்கும். மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தக் கட்டைவிரல் இரண்டு முறை யோசிக்கும். டீச்சர், நான் பயந்தது வலிக்கு இல்லை. நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். டாக்டரிடம் சொன்னால் ஸ்கேன் எடுப்பார், எடுத்தால் தெரிந்துவிடும், தெரியாமல் இருந்தாலாவது இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக ஓட்டலாம். இதுதான் என் புத்தி போன போக்கு. உங்கள் கடைசி வரியில் அதே புத்தி எட்டிப் பார்க்கிறது. இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

என் வீட்டுக்காரரைத் தெரியும் அல்லவா? பள்ளிக்கூட ஆய்வகத்தில் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டியே முப்பது வருடம் கழித்த மனிதர். மாத்திரை அட்டை அவர் பொறுப்பு. தினமும் ஒன்றைப் பிரித்து, காகிதத்தில் மடித்து, மேலே தேதி எழுதி, என் சாப்பாட்டுப் பைக்குள் வைப்பார். அட்டை ஒழுங்காகக் காலியாகும், அவரும் நிம்மதியாக இருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? லிஃப்ட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும், குனிந்து எதையோ எடுப்பதுபோல மாத்திரையை அதற்குள் போட்டுவிடுவேன். நாற்பத்தொரு நாள். ஒருத்தருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வார் என்பது எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடமாக அந்த வேலைக்கு லிஃப்ட்டை நிறுத்திக் கொடுப்பதே நான்தான். அன்றைக்கும் நிறுத்திக் கொடுத்துவிட்டு, மறதியே இல்லாத நான், மறந்துபோய் நின்றேன். மனிதர் கிரீஸ் டப்பா மூடியில் எதையோ ஏந்திக்கொண்டு மேலே வந்தார். "அக்கா, குழியில யாரோ எலிக்கு மருந்து வெச்சிருக்காங்க. ஆனா எலியெல்லாம் கொழுகொழுன்னுதான் திரியுது" என்று சிரித்தார். எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு. மீதியை எலிதான் தின்றிருக்க வேண்டும்.

அன்றைய பொட்டலம், பாதி பிரித்தபடி, தேதியோடு, என் கையிலேயே இருந்தது. அவர் பொட்டலத்தைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. லிஃப்ட்ல ஏதாவது சத்தம் வந்தா மொதல்ல எனக்குத்தானே போன் பண்ணுவீங்க, உங்களுக்குன்னா மட்டும் ஏன்க்கா காதைப் பொத்திக்கிறீங்க என்று கேட்டார். உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்து, மூடியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, எட்டு மாடியும் ஏறி இறங்க, விசும்பி அழுதேன். உள்ளே வந்தவர்கள் எல்லாரும் மரியாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் அந்த இருபத்தாறையும் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேஜைமேல் கொட்டினேன். திட்டுவார் என்று வரிந்து கட்டிக்கொண்டு போனவளுக்கு ஏமாற்றம். எங்கெங்கே வலிக்கிறது, வெயிலில் எப்போதாவது இருப்பீர்களா என்று கேட்டார். ஜன்னலே இல்லாத பெட்டிக்குள் இருபத்திரண்டு வருடம் என்றேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எலும்பின் அடர்த்தியை அளந்தார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை நான் எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

எலும்பில் நோய் இல்லை டீச்சர். இன்னொரு முறை படியுங்கள், இல்லை. வைட்டமின் டி மட்டும் முப்பது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. நீங்களாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்து ஃபெயில் போட்டிருப்பீர்கள். நம் மாத்திரை உடம்பில் ஒரு ஹார்மோன் சுரப்பை வற்றவைத்து நோயைப் பட்டினி போடுகிறதாம். அதே சுரப்புதான் எலும்புக்கும் காவலாம். காவல் போனதும் எலும்பு மெலிகிறது. வைட்டமின் டி-யும் இல்லாவிட்டால் சாப்பிடுகிற கால்சியம் எலும்பில் சேராது. உங்களைப்போல நிறையப் பெண்களுக்கு டி குறைவாகத்தான் இருக்கிறது, வலியைச் சொல்லத்தான் மாட்டேன் என்கிறீர்கள் என்றார் டாக்டரம்மா. வாரத்துக்கு ஒன்றாக டி மாத்திரை, தினமும் கால்சியம், நடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்புக்கு ஊசி. தினசரி மாத்திரையை அதே வேலை செய்கிற வேறொன்றாக மாற்றிக் கொடுத்தார். வலிச்சா என்கிட்ட வந்து கத்துங்க, குழியில போடாதீங்க என்றார்.

வெயிலுக்காக நான் போட்ட சண்டையைக் கேளுங்கள். தினமும் பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடக்க அனுமதி கேட்டேன். கட்டட மேனேஜர் டாக்டர் சீட்டை ஒதுக்கிவிட்டு, பொத்தானை யார் வேணும்னாலும் அழுத்திக்கலாம், உங்களைப் பாவம்னுதான் வெச்சிருக்கோம், வீட்ல ரெஸ்ட் எடுங்களேன் என்றார். பாவமா? ஒரு மார்பைக் கொடுத்துவிட்டு வந்தவள் நான், இவருடைய பாவத்தை வாங்கிக்கொண்டு போகவா வந்தேன்? மறுநாள் பதினொரு மணிக்கு லிஃப்ட்டைக் கீழ்த்தளத்தில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். 'இருபது நிமிடம் ஓடாது. படி இருக்கிறது, எல்லாருக்கும் கால் இருக்கிறது' என்று அட்டை மாட்டினேன். தேய்ந்த இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எட்டு மாடியும் படியேறியே போனேன். நான்கு இடத்தில் உட்கார்ந்தேன் என்பதை உங்களிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மேனேஜரும் என்னைத் திட்ட அதே படியில் ஏறி வந்தார். மேலே வந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்து முடிக்கும்வரை இருவரும் வெயிலில் நின்றோம். மெமோ வந்தது. பதிலும் எழுதினேன், டாக்டர் சீட்டின் நகலோடு. மூன்று மெமோவுக்குப் பிறகு அனுமதியில் கையெழுத்துப் போட்டார். இப்போது இரண்டாம் மாடிக் கணக்குப்பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் பதினொரு மணிக்கு என்னோடு வருகிறார்கள்.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. குறைந்திருக்கிறது, சில காலைகளில் அந்தக் குறைச்சலும் இல்லை. ஆனால் அது என்ன வலி என்று தெரியும், பெயர் தெரிந்த வலியோடு மல்லுக்கட்டலாம். உங்கள் ஊரில் வெயிலே இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள், அதற்குத்தான் மருந்துக்கடை இருக்கிறது. மகளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அதன்பின் அந்த இருபத்தாறையும் பாட்டிலில் போட்டு, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்தார். சீட்டில் 'பயம்' என்று எழுதியிருக்கிறார்.

விட்ட நாற்பத்தொரு நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அதை அப்புறம் பார்ப்போம், இன்றிலிருந்து விடாதீர்கள் என்றார். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். எத்தனை நாள் விட்டீர்கள் என்று எனக்கு உண்மையாக எழுதுங்கள், இந்த முறை பெரிய எழுத்தில். இந்த உடம்பைப் பற்றிச் சிரித்துப் பேச எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை. பாதிக் கணக்கில் எழுந்துபோகிற டீச்சரை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன்.

நாம் இருவரும் இன்னும் எட்டாவது மாடிக்குப் போக வேண்டும். லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தாலும் எடுக்க மாட்டேன். வந்து ஏறுங்கள்.

உங்கள் பக்கத்து நாற்காலி,
லிஃப்ட்டம்மா