பேனர் கலருக்கு ஒரு மணப்பெண்

நேற்று ஒரு அம்மாள் என் மேசைமேல் கைபேசியைப் படக்கென்று வைத்தார். திரையில் ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் பேனர். மாப்பிள்ளை நல்ல மாநிறம். பக்கத்தில் மணப்பெண்ணின் முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"என் பையன் கல்யாணம் டாக்டர். பேனர் அடிச்சிட்டோம். மண்டபத்து வாசல்ல பெருசா வெக்கப் போறோம். பொண்ணு நேர்ல கலர் கம்மி. இந்தக் கலருக்குக் கொண்டாந்துடுங்க. ஏதோ டிரிப் ஏத்துனா வெளுத்துடும்னு சொல்றாங்களே" என்றார்.

பேனர் போட்டவன் கணினியில் செய்த வேலைக்குப் பெண்ணின் உடம்பு பொருந்த வேண்டுமாம். அந்தப் பெண் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், பி.எஸ்சி. படித்தவள். எனக்கு உடனே உன் நினைவுதான் வந்தது. நீ இருந்திருந்தால் முதலில் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். சிரித்து முடித்ததும் வெளியே வரிசையில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தியிருப்பாய்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. செங்கம் சாலையில் நாம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த கிளினிக்கை இப்போது நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்கிறேன். தோல் டாக்டர் என்று நம்மிடம் படை, சொறிக்கு வந்த கூட்டத்தைவிட இப்போது வெளுக்க வரும் கூட்டம் ஜாஸ்தி. நான் மாட்டேன் என்றால் ஏதாவது ஒரு பார்லரில் டிரிப் ஏற்றிவிடுகிறார்கள். டாக்டரும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. கிட்னிக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? நம்மூர் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் மொட்டை மாடி வெயிலில் கிடந்து கறுக்கப் பாடுபடுகிறார்கள். அவர்களை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதில்லை.

அழகுக்குச் செய்வதெல்லாம் தப்பு என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. அடி அண்ணாமலையிலிருந்து வந்த அந்தப் பூக்காரம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு காதும் அறுந்து தொங்க, தைத்துவிடச் சொல்லி வந்தார். கூட வந்த மகன், "இந்த வயசுல இதுக்குக் கம்மல் ஒண்ணுதான் கொறச்சல்" என்று நம் முன்னாலேயே இளித்தான். "காது உனக்கா, அவங்களுக்காடா?" என்று கேட்டு அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாய். பிறகு அந்தம்மாவிடம் எவ்வளவு பொறுமையாகப் பேசினாய்! சர்க்கரை இருக்கிறதா, காயம் ஆற எத்தனை நாள் ஆகும், மறுபடி எப்போது காது குத்தலாம் என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுத்தாய்.

"கூட வந்தவங்க வெளிய போனாத்தான்டி பேஷண்ட் வாயத் தொறப்பாங்க" என்பாய்.

உன் கடைசி மாதங்களில் கேன்சர் மருந்தில் உன் புருவமெல்லாம் கொட்டிப்போனது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், இனிமேல் அலங்காரம் எதற்கு என்ற மாதிரி பேசினார்கள். நீ பென்சிலை என்னிடம் நீட்டி, "வரைஞ்சி விடுடி. எனக்கு வேணும்" என்றாய். என் கை கோணிக்கொண்டே போனது. அதற்கும் திட்டினாய்.

நேற்று நானும் அந்த அம்மாளை வெளியே உட்காரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்தப் பெண்ணிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இடது கை ரவிக்கையை மெதுவாக மேலே ஏற்றினாள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசித் தழும்பு, புளியங்கொட்டை அளவுக்குத் தடித்துச் சிவந்திருந்தது.

"அரிக்குதுங்க. அந்தப் பக்கம் படுத்தா வலி உயிர் போவுது. வீட்ல சொன்னா, ரவிக்கைக்குள்ளதான இருக்குது, யார் பாக்கப் போறாங்கனு சொல்லிட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேனரில் தெரியும் முகத்துக்குச் செலவு செய்ய இரண்டு குடும்பம் தயார். துணிக்குள் இருக்கும் வலியை ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லை.

தழும்பு அமுங்க மாதம் ஒரு ஊசி, பல மாதங்கள் ஆகும், முழுக்க மறையும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஊசியும் வலிக்கும் என்றேன். "போடுங்க" என்றாள். போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர, கையை இழுக்கவில்லை.

கதவைத் திறந்ததும் அந்த அம்மாள் உள்ளே வந்தார். "ஏத்தியாச்சா? எப்ப வெளுக்கும்?"

நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"டிரிப்பு வேணாம் அத்தை. கை வலிக்கு ஊசி போட்டுக்கினேன். நான்தான் கேட்டேன்."

"அப்ப பேனரு?"

"அத மாத்தி அடிக்கச் சொல்லுங்க."

அந்த அம்மாள் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு விடுவிடுவென்று வெளியே போனார். மகனுக்கு அங்கேயே போன் போட்டிருப்பார். கல்யாணம் நடக்குமா, நின்றுபோகுமா, எனக்குத் தெரியாது. நின்றுபோகலாம் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அவள் முகம் வியர்த்திருந்தது. ஆனாலும் வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "அடுத்த ஊசி எப்பங்க டாக்டர்?" என்று கேட்டாள்.

சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. நீ இருந்தவரை கோபப்படுவது உன் வேலை, சமாதானம் செய்வது என் வேலை. இப்போது சமாதானம் செய்ய இங்கே யாரும் இல்லை. பரவாயில்லை, நான் கோபமாகவே இருந்துகொள்கிறேன்.