கூரை கழற்றியவள்

கட்பா தீவு,
ஞாயிறு இரவு

அன்புள்ள கியெத்துக்கு,

இங்கே நாங்கள் நலம். சிட்னியில் குளிர் என்று எழுதியிருந்தீர்களே, காதை மூடும் குல்லா போடுகிறீர்களா? மித்துக்குச் சளி விட்டது. இன்று மீன் கஞ்சியை ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தான். ஆனால் என்னோடு பேசுவதில்லை. அக்கம்பக்கத்தில் போய், "எங்கம்மா எங்க ஸ்கூல் கூரையைக் கழட்டிட்டா" என்று கோள் சொல்லிவிட்டு வருகிறான்.

சொல்வது உண்மைதான். பள்ளி முற்றத்துக்கு நான் வடிவமைத்த கூரை நினைவிருக்கிறதா? உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காதென்று, அலுமினியத் தகட்டைச் சூடு காட்டாமல் மடித்துச் செய்த தூண்கள். விளிம்பை உள்பக்கம் மடக்கினால் நெளியாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தூண்களின் அடியில் வரும் தட்டைப் போல்ட் போட்டு முடுக்கும்படி வரைந்து கொடுத்திருந்தேன். மித்தின் சளிக்காக நான் லீவில் இருந்தபோது, மேஸ்திரி தோவான் அத்தனையையும் வெல்டிங் வைத்துவிட்டார்.

"போல்ட்டு துருத்திக்கிட்டு இருந்தா பிள்ளைங்க கால்ல குத்தாதாம்மா?" என்கிறார். அன்பால் செய்தது, திட்ட வாய் வரவில்லை. வெல்டிங் சூட்டில் இந்தத் தகடு பாதி பலத்தை இழந்துவிடும் என்றேன். தூணைத் தட்டிக் காட்டி, "கிண்ணுனுதானே இருக்கு? உன் புருஷன் அங்க ஆய்வுக்கூடத்துல தூணை நசுக்கிச் சோதிக்கிறான். நீ இங்க என்னை நசுக்குற!" என்று சிரித்தார்.

கணக்கைத் திரும்பப் போட்டேன். சாதாரண மழைக்கு நிற்கும். பலத்த காற்று வந்தால் அடியில் மடங்கிவிடும். அதன் கீழே நம் மித்தும் இருப்பான்.

எங்கள் ஆபீஸ் மேலாளர், "இப்போ கூரை சரின்னு கையெழுத்தைப் போடு லுவா, புயல் சீசன் முடிஞ்சதும் மாத்திக்கலாம்" என்றார். புயலுக்குத்தானே பயப்படுகிறேன்! மாட்டேன் என்றேன். கூரையைக் கழற்றச் சொல்லிப் பள்ளிக்கும் எழுதிக் கொடுத்தேன்; அவர்களும் கழற்றிவிட்டார்கள். "அப்போ திங்கட்கிழமை நீ ஆபீஸ் பக்கம் வராதே" என்றார். கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவா, தெரியவில்லை. மற்ற அம்மாக்களும், "பிள்ளைங்க வெயில்ல காயுது, உனக்கு நிம்மதியா?" என்று கேட்கிறார்கள்.

கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை. நாளை வழக்கம்போல வேலைக்குக் கிளம்பத்தான் போகிறேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் கவலை.

இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அங்கே முன்னதாகவே விடிந்துவிடுமே, படித்ததும் கூப்பிடுங்கள். ஆலோசனை ஒன்றும் வேண்டாம். நான் அந்த வாசலைத் தாண்டும்வரை போனை வைக்காதீர்கள், போதும்.

உங்கள்
லுவா