ரொட்டி சுற்றிய கோட்டை

மச்சான்,

இன்றைக்கு அலுமாரியைத் துப்புரவாக்கப் போய் உன் இருபது பக்க டைஸ் அகப்பட்டது. ஒரு முனை மழுங்கிவிட்டது, எண்களில் பூசிய வெள்ளையும் பாதி போய்விட்டது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் தேங்காய்ச் சம்பல் மணக்கும் என்று எதிர்பார்த்தது என் பேராசை. அதற்குள் மகள் பறித்துக்கொண்டு தன் கூட்டாளிகளிடம் ஓடிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் அவர்கள் ஆடுவதும் நாம் ஆடியதுதான்: ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் திருடனாகவும் வீரனாகவும் நடமாடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டைச் சத்தம் கேட்டது.

“அப்பா, திருடன் ஒளியேக்க டைஸ் உருட்டுறது திருடனோ, காவல்காரனோ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் நீயும் நானும் ஒரு தவணை முழுக்க மல்லுக்கட்டியது இதற்காகத்தானே.

லண்டனிலிருந்து வந்த உன் அண்ணன் கொடுத்த விளையாட்டுப் பெட்டி அது. கதை நடத்துவது எப்போதும் நீதான். ஊரடங்கு என்றால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள், நீ பென்சிலைக் கூராக்குவாய். “ஒளியிறவன்தான் உருட்டோணும். ஒளியிறது அவன்ரை கெட்டித்தனம்” என்பேன் நான். நீ விடமாட்டாய். “நல்லா ஒளிஞ்சிருக்கியா இல்லியான்னு ஒனக்கே எப்பிடிடா தெரியும்? பாக்கிறவன்தான் உருட்டணும். கூட விழுந்தா அவன் கண்டுட்டான், கொறைய விழுந்தா நீ தப்பிச்ச.” நான் ஒத்துக்கொண்டதே இல்லை. விதி என்றால் எனக்கு வேதம் என்று நீ கேலி செய்வாய்.

அந்த விடுமுறையில் கலஹாவில் உன் வீட்டில் தங்கினோம். நீ ஒரு பெரிய தாளில் நம் விளையாட்டுக்குக் கோட்டைப் படம் கீறினாய். காவல் நிற்கும் இடங்கள், ஆள் மாறும் நேரம், இரகசிய வழி, அம்புக்குறிகள், எல்லாம் கொட்டை கொட்டையான தமிழ் எழுத்தில். திரும்பும் நாள் காலையில்தான் இரண்டு பேருக்கும் புத்தி வந்தது. தமிழ்ப் பெடியன்கள் கையில் அப்படியொரு படம் சோதனைச்சாவடியில் அகப்பட்டால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. என் அடையாள அட்டையிலோ யாழ்ப்பாண விலாசம். படத்தைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு நல்ல பிள்ளைகளாக பஸ் ஏறினோம்.

பேராதனைக்குக் கிட்ட, சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரனுக்கு நம் வயதுதான் இருக்கும். என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, உன் அம்மா கட்டித்தந்த ரொட்டிப் பொதியை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்தோம். உள்ளே ரொட்டி, சம்பல், அவற்றைச் சுற்றி நம் கோட்டை. பேப்பர் முடிந்துபோனதென்று அம்மா பாய்க்கடியில் கிடந்த தாளை எடுத்துச் சுற்றியிருக்கிறார்.

“மேக்க மொகத?” என்றான். இது என்ன என்று கேட்கிற சிங்களம் எனக்கும் விளங்கியது. நான் ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ மட்டும் சிரித்தாய். சிங்களம் உனக்குத் தண்ணிபட்ட பாடு. விளையாட்டு சேர், இந்தக் கதவில் நிற்பது நீங்கள், இதோ இந்த மூலையில் ஒளிந்திருக்கிற கள்ளன்கள் நாங்கள் இரண்டு பேரும், கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று டைஸை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டாய். அவன் அப்படியொரு சாமானைக் கண்டதில்லை. ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, சாவடிப் பலகையில் உருட்டினான்.

பத்தொன்பது.

உன் விதிப்படி அகப்பட்டோம். நீ கண்ணே இமைக்காமல் கையை விரித்தாய்: “கூட விழுந்திருச்சே சேர், நீங்க எங்களக் காணல.” சிங்களத்தில்தான் சொன்னாய், ஆனால் இன்றும் அது உன் தமிழில்தான் என் காதில் விழுகிறது. நான் என்ன செய்தேன்? பிழையான விதியைத் திருத்த வாயைத் திறந்தேன். உன் குதிக்கால் என் பெருவிரலில் இறங்கியது. ஆமிக்காரன் டைஸை ஒரு தரம் பார்த்தான், எங்களை ஒரு தரம் பார்த்தான். “ஹரி, சரி, நான் காணவில்லை, போங்கள்” என்று டைஸைத் தந்துவிட்டு இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் நொண்டிக்கொண்டே ஏறினேன். “தவளை தன் வாயால கெடும்பாங்க. நீ என்னையுஞ் சேத்துல்ல கெடுக்கப் பாத்த” என்றாய். பிறகு படத்தை மூன்று தரம் மடிக்கப் பார்த்தாய், மூன்று தரமும் மூலைகள் சேரவில்லை. எண்ணெய் ஊறிய கோட்டையைக் கடைசியில் நான்தான் மடித்தேன். உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மகளிடம், “பாக்கிறவன்தான் உருட்டோணும்” என்றேன். நீ வென்றுவிட்டாய், சந்தோஷப்படு.

நீ கண்ணை மூடி ஒரு வருடமாகப் போகிறது. பிள்ளைகள் எழுந்து போனதும் டைஸைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஒளிந்திருப்பது நீ, பார்க்கிறவன் நான், ஆகவே உருட்டுவது என் முறை. கூட விழுந்தால் நம் விதிப்படி உன்னைக் கண்டுவிட்டேன். குறைய விழுந்தால் ஆமிக்காரனுக்கு நீ புரட்டிச் சொன்ன விதிப்படி கண்டுவிட்டேன். குறுக்கே பேசாதே, விதி விதிதான்.