செதுக்காமல் விட்ட வரி

என் பர்வீனக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நடுநடுவே அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். நீ இருந்தால், "அது மூச்சு விடும், நீ மொதல்ல விடுடி" என்று சிரிப்பாய்.

நீ போன பிறகும் நம் புத்தகம் நிற்கவில்லை அக்கா. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைகளின் எழுத்துகள், கல்லுக்கு ஒரு பக்கமாக, மேலே நீ படித்தெடுத்த டச்சு மூலமும் கீழே உன் தமிழுமாக வருகின்றன. உன் வீட்டு முன்னறையில் நம் கால்மிதி அச்சு இயந்திரம் இன்னும் ஓடுகிறது. கெட்டித் தாளில் ஈய எழுத்து அழுந்தியிருப்பதைத் தடவினால் கல்லையே தொட்டது மாதிரி இருக்கிறது. குப்பத்துப் பெண் நானும் கடைத்தெருப் பெண் நீயும் சேர்ந்தா இதைச் செய்தோம்?

கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. அதைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க வேண்டும்.

நம் பதிப்பக வழக்கம் உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கடைசி புரூஃபை நாம் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிடுவதில்லை, கல்லோடுதான். ஒருத்தி எழுத்தெழுத்தாகப் படிப்பாள். மற்றவள் கல்லில் அந்தந்தப் பள்ளத்தில் விரல் வைத்து, "இருக்கு" என்பாள். எல்லாப் பக்கங்களையும் அப்படித்தான் முடித்தோம். இந்தப் பக்கம் வருவதற்குள் நீ படுத்துவிட்டாய்.

அதனால் போன வாரம் ஒரு காலையில் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடலிலிருந்து வந்த கையோடு வந்தார், ஒரு கையில் பாப்பா, மறுகையில் புரூஃப். இங்கிலீஷ் எழுத்துதானே என்று கூட்டிக் கூட்டிப் படித்தார்.

ஒரு வணிகனும் அவன் கைக்குழந்தையும் படுத்திருக்கும் கல் அது. அவர்கள் பெயருக்குக் கீழே, "இவர்களுடன் இவன் மனைவி" என்று வரும். அதற்கப்புறம் ஒன்றுமே தெரியாது. நீ அங்கே வரிசையாகப் புள்ளி வைத்திருந்தாய். நம் புத்தகத்தில் புள்ளி என்றால், எழுத்து இருந்து அழிந்துபோனது என்று பொருள். "தாயும் இங்கேயே அடக்கம். பெயர் தேய்ந்துவிட்டது" என்று அடிக்குறிப்பும் எழுதியிருந்தாய்.

"இன்னாம்மே, புள்ளி புள்ளியா கோலம் போட்டுக்கீறீங்க? இத எப்டி படிக்கிறது?" என்றார்.

"படிக்க வாணாம். கம்முனு இரு."

விரல் வைத்தேன். எழுத்து தேய்ந்த இடத்தில் ஒரு மெல்லிய குழியாவது தட்டுப்படும் இல்லையா? இங்கே வழவழவென்று இருந்தது. பாப்பாவின் பாட்டிலை வாங்கித் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். மேலே எழுத்துகளிலெல்லாம் தண்ணீர் நின்று இளவெயிலில் மின்னியது. குழந்தையின் பெயர் முழுசாக எழுந்து வந்தது அக்கா. அதற்குக் கீழே, அந்த "மனைவி"க்கு அப்புறம், முடியளவு மெலிசாக இரண்டு நீர்க்கோடுகள் மட்டும். எழுத்து வரிசை பிசகாமலிருக்கக் கல்தச்சன் முன்கூட்டியே கீறிக்கொண்ட கோடுகள். அவற்றின் நடுவே உளி பட்டதே இல்லை.

இடம் ஒதுக்கி, கோடு போட்டு, அவளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அவள் பெயர் வரவே இல்லை. எங்கே போனாள்? கப்பலேறினாளா? இதே ஊரில் வேறொரு வீட்டில் தலை நரைத்தாளா? பெற்றதை மண்ணில் வைத்துவிட்டு வந்து, மறுநாள் எழுந்து தலை வாரிக்கொள்ள ஒருத்திக்கு எங்கிருந்து தெம்பு வரும்? பாப்பா அந்த ஈரத்தைக் கையால் அடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஆனால், நீ எழுதிய கடைசிப் பக்கத்தை நான் மாற்றுவதா? உன் புள்ளிகளை எடுக்கக் கை வரவில்லை. மறுநாள் உன் உம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"அவ வச்சத நீ எடுக்கணும். அதானே?"

"ஆமா உம்மா. மனசு வரல."

"உசுரோட இருக்கசொல்ல ஒரு கமாவுக்கு ரெண்டு பேரும் வீட்டையே ரெண்டாக்குவீங்க. தப்புன்னா அவ மூஞ்சிக்கு நேரா சொல்லுவ. இப்ப மட்டும் இன்னாடி புது மரியாத, வெளியாளு மாதிரி?"

இன்னோர் இறாலை எடுத்து உரித்தார். பிறகு, முகத்தைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் பொம்பள அங்க இல்லன்னா, இல்லன்னு போடு."

இன்று சாயங்காலம் புள்ளிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மை படாத வெற்று ஈயத்துண்டுகளை அங்கே அடைத்தேன். ஒரு தாள் போட்டுப் பார்த்தேன். அந்த இடம் வெள்ளையாக வந்தது. வெறும் வெள்ளையை இவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

முகப்பில் உன் பெயர்தான் இருக்கும். இந்தத் திருத்தம் மட்டும் என்னுடையது என்று போடுவேன், திட்டு வந்தால் எனக்கு வரட்டும். உனக்குப் பொறுக்காத ஒரு தாளும் நம் வாசல் தாண்டாது, சத்தியம்.

புது அடிக்குறிப்பு இது: "இவ்விடம் செதுக்கப்படவில்லை. தாய் இங்கு அடக்கமாகவில்லை எனக் கொள்ளலாம்." அடக்கம் செய்துவிட்டுப் பெயர் வெட்டாமல் விட்டிருக்கவும் கூடுமே என்று நீ கேட்பாய். அதனால்தான் "கொள்ளலாம்" என்றேன். அது போதுமா? நாளைக்கு அச்சேற்ற வேண்டும். சீக்கிரம் பதில் போடு அக்கா.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
தேவி