ஆள் வந்து சொல்லட்டும்

மதினி,

இன்று காலை கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. கையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவனை நம்பியது ஆத்தாவின் தப்பு. நாட்டைப் பிரித்ததில் வடக்கே வெட்டு, குத்து, ரயில் ரயிலாய் அகதிகள் என்று அதிலேயே மூழ்கிப்போனேன். தீய்ந்த வாடை மூக்கில் ஏறியதும் பானையை இறக்கத் தோன்றவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் சேலையில் இதே வாடைதான் அடிக்கும். நீங்கள் இல்லை என்பது வாசலில் நின்ற பிறகுதான் உறைத்தது.

இரங்கூனில் குண்டு விழுந்த நாட்களில் நம் வீடு கிடந்த கிடப்பு உங்களுக்குத் தெரியும். அண்ணன் அங்கே ஒரு கடையில் வேலையாக இருந்தார். கடிதம் நின்றுபோயிற்று. நான் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறவன். புதுப் பத்திரிகையை வாசகசாலையிலும் பழையதைக் கடையிலும் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அத்தனையையும் உரக்கச் சொல்வேன். ஆத்தா அழுவாள். சொல்லாமல் இருக்கவும் என்னால் ஆகாது. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் தெருமுனை வரை போய்த் திரும்புவேன். ஒரு நாள் நீங்கள் புளிப் பொட்டலத்தைப் பிரித்து, அந்தக் காகிதத்தை என்முன் நீட்டினீர்கள்.

"கொழுந்தனாரே, ஒலகமே அழிஞ்சு போச்சுன்னு போன வாரம் படிச்சீங்களே, அந்தப் பேப்பர்லதான் புளி வந்திருக்கு. ஒலகமும் இருக்கு, புளியும் இருக்கு."

நான் முறைத்தேன். நீங்கள் புளியைக் கரைக்கப் போய்விட்டீர்கள்.

என் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுப் பங்காளிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அண்ணன் இனி இல்லை, கருமாதியை முடித்து உங்கள் தாலியை வாங்கிவிட வேண்டும் என்றார்கள். பெரியப்பா நாளே குறித்துக்கொண்டு வந்துவிட்டார். என்னைவிட வயதில் இளையவர் நீங்கள். கதவோரம் நின்று பேசினீர்கள். குரல் நடுங்கவில்லை.

"நம்ம பக்கம் ஒரு சாவுன்னா இழவு சொல்ல ஆளு வரணுமா இல்லையா, மாமா? அதுதானே மொறை? இங்கிட்டு எந்த ஆளு வந்துச்சு? பேப்பரு சொல்லுச்சுன்னு நான் தாலி கழட்ட மாட்டேன். ஆளு வந்து சொல்லட்டும்."

முறையைப் பேசியவரை முறை தெரியாதவள் என்று எப்படித் திட்டுவது? "சரி, ஆளு வரட்டும்" என்று துண்டை உதறிக்கொண்டு பெரியப்பா எழுந்து போனார்.

அதற்கப்புறம்தான் பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்து தப்பியவர்கள் நம் ஸ்டேஷனில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து வாசலில் கஞ்சித்தொட்டி வைத்தார்கள். யாரும் கூப்பிடாமல் நீங்கள் போய் அகப்பையைப் பிடித்தீர்கள். தெருவில் வாய் கூசாமல் பேசினார்கள். நானும்தான் கோபித்தேன்.

"அண்ணனப் பத்தி விசாரிக்கத்தானே போறீங்க?"

"விசாரிக்கணும்னுதான் போனேன். வர்றவங்க மொகத்தப் பாத்தா மொதல்ல கஞ்சி ஊத்தத்தான் தோணுது. கேக்குறதெல்லாம் அப்புறம்."

சாயங்காலம் நீங்கள் கொண்டுவரும் சேதி வேறு மாதிரி இருக்கும். தாயும் பிள்ளையும் ஆளுக்கொரு கூட்டத்தில் பிரிந்து நடந்து, நம் கஞ்சித்தொட்டியருகே ஒருவரையொருவர் கண்டுகொண்டார்களாம். ஆவூர்க்காரர் ஒருவர் வழியில் விழுந்து கிடந்த கிழவரை முதுகில் சுமந்தே வந்தாராம், கிழவர் யார் எவர் என்றே அவருக்குத் தெரியாதாம். "இது எந்தப் பேப்பர்ல வந்துச்சு?" என்று என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பீர்கள்.

கால் வீங்கி, ஸ்டேஷனைத் தாண்ட முடியாமல் பலர் கிடந்தார்கள். வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் மாட்டுவண்டி வரும். சொல்லத்தான் ஆள் இல்லை. "ஒங்களுக்குத்தான் கால் ஒரு எடத்துல நிக்காதே, ஓடுங்க" என்றீர்கள். ஓடினேன்.

முதல் வீட்டிலேயே வினை. குன்றாண்டார்கோவில் பக்கம். முன்பின் தெரியாதவன் மூச்சிரைக்க வந்து நின்றால் அது இழவுச் சேதி இல்லாமல் வேறென்ன? நான் வாயைத் திறக்குமுன் அந்த வீட்டு அம்மா மாரில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். "ஆத்தா, ஒங்க மகன் வந்துட்டாரு, வண்டி பூட்டச் சொல்லுங்க" என்று நான் புரியவைப்பதற்குள் தெருவே அழுதுகொண்டு கூடிவிட்டது. அங்கே திட்டும் வாங்கினேன், வெல்லமும் வாங்கினேன். அதைக் கேட்டு நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அண்ணனின் கடிதம் நின்ற பிறகு நீங்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஊரு எல்லையிலயே நல்ல சேதி, நல்ல சேதின்னு கத்திக்கிட்டே போங்க" என்று சொல்லிக்கொடுத்தீர்கள்.

அப்படியே கத்திக்கொண்டு போனேன். உங்கள் பிறந்த ஊர் அன்னவாசலுக்கு எத்தனையோ தடவை. பஸ் பிடித்து மணமேல்குடி வரைகூட ஒரு தடவை. வாசகசாலைப் பக்கம் தலைகாட்ட நேரமில்லை. போகும் வீட்டிலெல்லாம், "ஒங்க வீட்டு ஆளு வந்தாச்சா?" என்று கேட்பார்கள். நான் தண்ணீர் கேட்டுப் பேச்சை மாற்றுவேன். நீங்களோ, "நம்ம வீட்டுக்கு ஓடி வர்றவன் இன்னும் கெளம்பல, அம்புட்டுத்தான்" என்பீர்கள்.

ரயிலில் வருகிறவர்கள் குறைந்து, பிறகு ஒரேயடியாய் நின்றுபோனார்கள். சண்டை முடிந்த பிறகும் அண்ணனைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. செத்தார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஊரில் காய்ச்சல் கண்ட வீட்டுக்கெல்லாம் நீங்கள் கஞ்சி கொண்டுபோக ஆரம்பித்தீர்கள். போன மழைக்காலத்தில் அதே காய்ச்சல் உங்களையும் கொண்டுபோனது.

அன்னவாசலுக்குச் சொல்ல வேறு ஆளை அனுப்ப மனம் வரவில்லை. நானே போனேன். ஊர் எல்லையில் கத்தவில்லை, ஓடவும் இல்லை. ஆனாலும் தெருவில் என் தலையைக் கண்டதும் உங்கள் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக எதிரே ஓடி வந்தார்கள்.

"வந்துட்டாரா தம்பி? எம் மருமகன் வந்துட்டாரா?"

அந்த ஊருக்கு நான் நல்ல சேதி தவிர வேறெதுவும் கொண்டுபோனதில்லை, மதினி. என் முகத்தைப் பார்த்து அவர்களே தெரிந்துகொண்டார்கள்.

உங்களைக் குளிப்பாட்டிய பிறகு, குங்குமம் வைப்பதா கூடாதா என்று பெண்களுக்குள் முணுமுணுப்பு. பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன், "ஆளு வந்து சொல்லல. வைங்க." உங்கள் அம்மா பெரிதாகவே வைத்தார்கள்.

பானையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். பத்திரிகை கடைக்குப் போகிறது, பொட்டலம் மடிக்க. இன்று ஊருணியில் தூர் எடுக்கிறார்கள். மண்வெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தால் வடக்கத்தி ரயில்களெல்லாம் தலைக்குள் ஓடுகின்றன. தெருவில் யாராவது ஓடும் சத்தம் கேட்டால் எந்த வேலையிலும் கை நின்றுவிடுகிறது. அன்னவாசல் எல்லையில் நின்று நான் கத்த வேண்டிய நல்ல சேதி ஒன்று இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது. உங்கள் அம்மாவும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்றைக்காவது ஆள் வந்துவிட்டால், முதலில் உங்களிடம் எந்தப் பக்கம் ஓடி வந்து சொல்வது, மதினி?